கை தூக்கிய பிறகு

"நம்ம பசங்கன்னா மட்டும் கை உடனே மேல போயிடுது." எங்கள் ஊர் நீச்சல் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டி நடக்கும் வாரமெல்லாம் யாராவது ஒருவர் இப்படி எழுதிவிடுவார். பெரும்பாலும் அன்று டிஸ்குவாலிஃபை, அதாவது தகுதிநீக்கம், ஆன பிள்ளையின் அப்பாவாக இருப்பார். கீழே நாலைந்து பேர் கட்டைவிரல் போடுவார்கள். நான் பதில் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. தப்பைக் கண்டதும் அந்தக் கையைத் தூக்குகிற நடுவர்களில் நானும் ஒருவன். நியூ ஜெர்சியில் பிள்ளையை நீச்சல் கிளப்பில் சேர்த்தவர்களுக்குத் தெரியும், பணம் கட்டினால் மட்டும் போதாது, போட்டி நாளில் ஏதாவது வேலையும் செய்ய வேண்டும். சிலர் ஸ்டாப்வாட்ச் பிடித்து டைமராக நிற்பார்கள், சிலர் காபியும் பீட்சாவும் விற்பார்கள். எனக்கு வியாபாரம் வராது என்பதால் நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். ஆன்லைனில் ஒரு தேர்வு, காவல்துறைப் பதிவுகளைச் சரிபார்க்கும் ஒரு சோதனை, அனுபவசாலி ஒருவரின் பின்னால் நின்று சில போட்டிகள் பழகுவது, கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான்.

குழுவில் எழுதுகிறவர்களின் ஆத்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்தச் சந்தேகம் சும்மா வருவதில்லை. வேறு இடங்களில் பட்ட அனுபவம் இங்கேயும் பேசுகிறது. ஆனால் என்னை அரித்துக்கொண்டிருப்பது இதற்கு நேர்மாறான ஒரு விஷயம். நான் தூக்கிய ஒரு கை. சரியாகத்தான் பார்த்தேன் என்று இன்றைக்கும் நம்புகிற ஒரு தவறு. அது ஒரே கேள்வியில் காணாமல் போனது. அதனால் நஷ்டப்பட்டவன் எனக்கு நன்றாகத் தெரிந்த வீட்டுப் பையன். அதைச் சொல்வதற்கு முன்னால் ஏதென்ஸுக்குப் போய்விட்டு வர வேண்டும்.

ஏதென்ஸ், 2004

ஆகஸ்ட் 19, ஒலிம்பிக்கில் ஆண்கள் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்துகிற வகையின், இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ஏரன் பீர்சால் 1:54.95 என்று ஒலிம்பிக் சாதனையோடு வந்து சுவரைத் தொட்டார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரியாவின் மார்கஸ் ரோகன் இரண்டு விநாடிக்கும் மேல் பின்னால். அந்த நீளப் போட்டியில் அது ஒரு யுகம். கொஞ்ச நேரத்தில் பீர்சால் டிஸ்குவாலிஃபை என்று அறிவிப்பு வந்தது. அவர் திரும்பிய விதம் விதிப்படி இல்லை என்று ஒரு நடுவர் எழுதிக்கொடுத்திருந்தார். பேக்ஸ்ட்ரோக்கில் சுவரை நெருங்கும்போது குப்புறப் புரளலாம். ஆனால் புரண்ட பிறகு கையை ஒரே இழுப்பாக இழுத்து, அந்த வேகத்திலேயே குட்டிக்கரணம் போட்டுவிட வேண்டும். புரண்டுவிட்டுச் சுவர் வரட்டும் என்று மிதந்துகொண்டு போகக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைகள் வாரா வாரம் மாட்டுகிற இடம் இது. உலகச் சாதனையாளர் மாட்டுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரோகன் ஏறக்குறைய அரை மணி நேரம் ஒலிம்பிக் சாம்பியனாக இருந்தார். அப்புறம் தீர்ப்பு மாறியது. நடுவர் கொடுத்த சீட்டில் காரணம் போதுமான அளவு விளக்கப்படவில்லை, உலக நீச்சல் கூட்டமைப்பான ஃபீனாவின் அலுவல் மொழியிலும் எழுதப்படவில்லை என்று சொல்லித் தகுதிநீக்கத்தை ரத்து செய்தார்கள். ஆஸ்திரியாவும் பிரிட்டனும் எதிர்த்து முறையிட்டன, எடுபடவில்லை. தங்கம் பீர்சாலுக்கே போனது.

இதில் ஒரு உப்புக்காரமும் உண்டு. நான்கு நாள் முன்னால் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், அதாவது தவளை மாதிரி நீந்துகிற வகையில், ஜப்பானின் கொசுகே கிதஜிமா, அமெரிக்காவின் பிரெண்டன் ஹான்சனை வென்றிருந்தார். கிதஜிமா தண்ணீருக்கடியில் இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழுமாக அடிக்கிற டால்ஃபின் உதை உதைத்தார், அது ஏமாற்று என்று வெளிப்படையாகச் சொன்னவர் இதே பீர்சால். அப்போதைய விதிப்படி பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் டால்ஃபின் உதைக்கே இடமில்லை. ஆனால் எந்த நடுவரும் கிதஜிமாவைப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஃபீனா விதியைத் திருத்தி, தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டால்ஃபின் உதையை அனுமதித்துவிட்டது. இந்தப் பின்னணியில் பீர்சாலை ஒரு நடுவர் பிடித்ததும், 'வாயைக் கொடுத்தான், வாங்கிக் கட்டிக்கொண்டான்' என்கிற மாதிரிப் பேச்சு கிளம்பியது. எங்கள் வாட்ஸ்அப் குழுவின் சந்தேகம் ஒலிம்பிக் அளவுக்குப் பெரிதானால் இப்படித்தான் இருக்கும்.

வெள்ளைச் சட்டை போடுவதற்கு முன்பு இந்தக் கதையைப் பேசும்போதெல்லாம் நான் ரோகன் கட்சி. தப்பு நடந்ததா இல்லையா என்பதுதானே கேள்வி, சீட்டை எந்த மொழியில் எழுதினால் என்ன? போக்குவரத்து போலீஸ் அபராதச் சீட்டில் எழுத்துப்பிழை விட்டால் சிவப்பு விளக்கு பச்சையாகிவிடுமா? வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குளக்கரையில் நின்று பார்த்தவர்களிடம்தான் செல்லாது.

சீட்டும் மூன்று கேள்விகளும்

எங்கள் ஊர்ப் போட்டிகளில் நடைமுறை இதுதான். தப்பைப் பார்த்த நொடியில் கையை நேராக மேலே தூக்க வேண்டும். யோசித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் பிள்ளை என்று கணக்குப் போட்டுவிட்டுத் தூக்குவதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 'உடனே'. பாரபட்சம் என்று குழுவில் எழுதுகிறார்களே, அந்த வேகம் பாரபட்சத்துக்கு எதிரான ஏற்பாடு. அதேபோல ஒரு லேனையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. நான்கு லேன் கொடுத்திருந்தால் நான்கையும் சமமாகப் பார்க்க வேண்டும். ஒன்றாவது லேனில் பார்க்க முடியாத ஒரு விஷயத்தை நான்காவது லேனில் குனிந்து தேடிப் பிடிக்கக் கூடாது.

கை மேலே போனதும் சீஃப் ஜட்ஜ் வருவார். பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்து நீச்சலை விட்டுப் போய் வெகுகாலமான பிறகும் இந்த வேலையை விடாதவர்கள் இவர்கள். கையில் ஒரு கட்டுச் சீட்டு. அதில் போட்டி எண், ஹீட் (எத்தனையாவது குழுவாக நீந்தினார்கள் என்பது), லேன், ஒவ்வொரு நீச்சல் வகைக்கும் வழக்கமான தவறுகளின் பட்டியல், டிக் அடிக்கக் கட்டங்கள், கீழே கையெழுத்துக்கு இடம். குளக்கரையின் ஈரத்தில் அந்தத் தாள் நமுத்துப்போயிருக்கும், பேனா பாதி நேரம் எழுதாது. எழுதுவதற்கு முன் அவர் கேட்பது மூன்று. எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்? என்ன பார்த்தீர்கள்? அது எந்த விதிக்கு விரோதம்? மூன்றுக்கும் பதில் ஒழுங்காக வந்தால்தான் சீட்டு போட்டி முழுவதற்கும் பொறுப்பான ரெஃப்ரியிடம் போகும். ரெஃப்ரி ஒப்புக்கொண்டால்தான் டிஸ்குவாலிஃபை. இடையில் எங்கே தடுமாறினாலும் சீட்டு கிழிபடும். சந்தேகம் வந்தால் பலன் நீச்சல்காரருக்கு.

ரிலேயில் இது இன்னும் கறார். முன்னவர் சுவரைத் தொடுவதற்குள் அடுத்தவர் கால் பலகையை விட்டுக் கிளம்பிவிட்டதா என்று இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பார்ப்பார்கள். யாரும் கை தூக்கக் கூடாது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது. தனித்தனியாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். இருவர் தாளிலும் அதே லேன், அதே ஆள் இருந்தால்தான் தப்பு. ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குழுவில் எல்லோரும் நடுவர் பிள்ளைகளைச் சந்தேகப்படுகிறார் என்கிறார்கள். இங்கே பார்த்தால் மொத்த ஏற்பாடும் சந்தேகப்படுவது நடுவரைத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதிப் போட்டி என்று நடக்கிற ஒரு வட்டாரப் போட்டி. 25 கெஜக் குளம், எட்டு லேன். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்களின் 100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக். நான் தொடக்க மேடைக்கு எதிர்ப்பக்கம், திருப்பத்தில் நிற்கிறேன். அந்தப் பக்கம் எழுபத்தைந்தாவது கெஜத்தில் பிள்ளைகள் வரும்போது களைத்திருப்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டியதில்லை, ஒன்று தண்ணீருக்கு மேலே ஒன்று கீழே இருந்தாலும் சரி. ஒன்றாகத் தொட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது லேன் பையன் வருகிறான். இடது தோள் தாழ்கிறது, வலது கை சுவரில் அறைகிறது, உடம்பு ஏற்கெனவே திரும்பிவிட்டது. இடது கை வயிற்றை ஒட்டி உள்ளே போகிறது. என் கை மேலே போய்விட்டது.

சீஃப் ஜட்ஜாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு அம்மா. அவசரமே இல்லாத ஆள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு, "வலது கை தொட்டது, இடது கை தொடவில்லை" என்றேன்.

"இடது கை எங்கே இருந்தது?"

"தோள் தாழ்ந்திருந்தது, கை உள்ளே போனது."

"தோள் தாழ்ந்தால் தப்பில்லையே. கை உள்ளே போனது வலது கை தொட்டதற்கு முன்பா, பின்பா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுவரில் தண்ணீர் தெறித்தது, இடது கையைச் சுவரில் நான் பார்க்கவில்லை. அந்த அம்மா பேனாவின் மூடியை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தக் கை சுவரைத் தொடாமல் போனதைப் பார்த்தீர்களா, இல்லை தொட்டதைப் பார்க்கவில்லையா?"

இரண்டாவதுதான். சீட்டு எழுதப்படவில்லை. அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த ஹீட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். என் தோளில் தட்டவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. இடைவேளையில் நடுவர்களுக்கான அறையில் பேகலும் ஆறிப்போன காபியுமாக உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பொருமலாக இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் அப்படித் திரும்பினால் இடது கை சுவரில் பட வாய்ப்பே இல்லை. நீச்சல் தெரிந்த யாரும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் அது நீச்சல் தெரிந்ததால் வருகிற ஊகம், கண்ணால் பார்த்தது அல்ல. பீர்சால் விஷயத்தில் நான் கட்சி மாறியது அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான். ஏதென்ஸ் நடுவர் சரியாகவே பார்த்திருக்கலாம். ஆனால் பார்த்ததை, படிக்கிறவருக்குப் புரியும்படி, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்க முடியவில்லை என்றால் அவர் கையில் இருந்தது ஒரு நம்பிக்கை மட்டுமே. இன்னொருவருடைய நம்பிக்கையை நம்பி ஒருவரிடமிருந்து தங்கத்தைப் பிடுங்க முடியாது. அபராதச் சீட்டு உதாரணம் இங்கே பொருந்தாது. சிவப்பு விளக்கு அங்கேயே எரிந்துகொண்டிருக்கும். சுவரில் படாத கை அரை நொடியில் போய்விடும். மிச்சமிருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

பலன் யாருடைய இலையிலிருந்து?

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அந்த மூன்றாவது லேன் பையன் எட்டாவதாக இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றான். ஒன்பதாவதாக, விநாடியில் நூற்றில் சில பங்கு வித்தியாசத்தில், வெளியே நின்றவன் எங்கள் தமிழ்ப் பள்ளியில் என் மகளோடு படிக்கிற பையன். முதல் ஹீட்டிலிருந்து கடைசி ஹீட்டு வரை, அவன் யார் என்பதே என் மனதில் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் நான் பிடிவாதம் பிடித்து அந்தச் சீட்டை எழுத வைத்திருந்தால், இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு அப்பா என்ன எழுதியிருப்பார் என்பதையும் யோசித்துப் பார்க்கிறேன்.

பொங்கல் விழாவில், பள்ளி கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது அவனுடைய அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அன்னிக்கு மூணாவது லேனுக்கு நீங்க கை தூக்கினதை நான் மேலேர்ந்து பார்த்தேன். அப்புறம் ஏன் ஒண்ணும் ஆகல?" நடுவர்கள் பெற்றோரிடம் தீர்ப்புகளைப் பேசக் கூடாது. கோச் வழியாக ரெஃப்ரியிடம்தான் கேட்க வேண்டும். அதிலும் ஒரு நடுவர் கண்ணால் பார்த்து எடுத்த முடிவென்றால் ரெஃப்ரி சொல்வதே கடைசி. அதனால் குறிப்பாக எதையும் சொல்லாமல், பொதுவாக நடைமுறை எப்படி என்று விளக்கினேன். சந்தேகத்தின் பலன் நீச்சல்காரருக்கு என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பையனும் நீச்சல்காரன்தானே அண்ணா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. சந்தேகத்தின் பலனைத் தாராளமாகக் கொடுக்கிறோம், அதை யாருடைய இலையிலிருந்து எடுத்துப் பரிமாறுகிறோம் என்று பார்ப்பதில்லை. ஏதென்ஸில் அது ரோகனின் இலை. 2022இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இதைவிடக் கொடுமை. 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் ஜஸ்டின் ரெஸ் 24.12இல் முதலாவதாக வந்தார். முடிவில் முழு உடம்பும் தண்ணீருக்குள் போய்விட்டது என்று அவரை நீக்கினார்கள். இரண்டாவதாக வந்த ஹண்டர் ஆம்ஸ்ட்ராங்குக்குத் தங்கம், நான்காவதாக வந்த இத்தாலியின் தாமஸ் செக்கோனுக்கு வெண்கலம் என்று ஆனது. அமெரிக்கா முறையிட்டது, வீடியோவை மறுபடி பார்த்தார்கள், ரெஸ் திரும்பி வந்தார். ஆம்ஸ்ட்ராங் வெள்ளிக்கு இறங்கினார், செக்கோனுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு அந்த விதியையே மாற்றிவிட்டார்கள். இப்போது பேக்ஸ்ட்ரோக்கில் முடிவுக்கு முந்தைய ஐந்து மீட்டர் குறியைத் தலை தாண்டிவிட்டால் முழுதாக மூழ்கலாம். கிதஜிமா விஷயத்திலும் இதேதான் நடந்தது. நடுவர்களால் உறுதியாகப் பிடிக்க முடியாத தவறைக் கடைசியில் தவறே இல்லை என்று ஆக்கிவிடுவது இந்த விளையாட்டின் பழைய பழக்கம். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. செக்கோனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம்.

கேமரா வைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நண்பர் சொல்கிறார், ஐ.டி.க்காரர். ஒரு பக்கம் அது உண்மை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்கு வகை நீச்சலும் கலந்த 200 மீட்டர் மெட்லியில் அலெக்ஸ் வால்ஷ் மூன்றாவதாக வந்தும், பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மாறும் திருப்பத்தில் சுவரைத் தொடுவதற்குள் புரண்டுவிட்டார் என்று நீக்கப்பட்டார். வெண்கலம் கேலி மெக்கியோனுக்குப் போனது. படம் இருந்தது, பெரிய சர்ச்சை எழவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்த தப்பிலும் மனம் ஒப்பாத கேஸ்கள் இருக்கின்றன. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் கல்லூரிகளின் ஏ.சி.சி. போட்டியில் 1650 கெஜத்தில் ஜெயித்த ஓவன் லாயிட், சந்தோஷத்தில் பக்கத்து லேனுக்குத் தாவி, இரண்டாவதாக வந்த தன் அணித் தோழனைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார்கள். விதிப்படி அது போதும், அவர் நீக்கப்பட்டார். அந்தத் தோழனுக்கே பட்டம். அங்கே மூன்று கேள்விக்கும் பதில் கச்சிதம். கேமராவால் அங்கே ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் குளத்துக்குக் கேமரா எப்படியும் வரப்போவதில்லை. மேற்கூரை ஒழுகலையே இன்னும் சரிசெய்யவில்லை.

தமிழ்ப் பள்ளிப் பையனின் அம்மா கேட்ட கேள்வியை ரொம்ப நாள் உருட்டிப் பார்த்திருக்கிறேன். என்னால் எட்ட முடிந்த பதில் இவ்வளவுதான். அவர் மகனை யாரும் எதுவும் குற்றம் சொல்லவில்லை; அவன் நீந்தினான், ஒன்பதாவதாக வந்தான். மூன்றாவது லேன் பையன் மேல் நான் ஒரு குற்றம் சுமத்தினேன், கையைத் தூக்கி, லேன் எண் சொல்லி. குற்றம் சுமத்துகிறவன்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவருக்கு நஷ்டம் நிச்சயம் என்றால், நான் எழுதிக் கொடுத்த ஒரு ஊகத்தால் வருகிற நஷ்டத்தைவிட, நான் எழுதாமல் விட்டதால் வருகிற நஷ்டம் எனக்குத் தேவலை. இது நியாயமா, இல்லை வெள்ளைச் சட்டை போட்டவனின் சௌகரியமா என்பதில் எனக்கே பாதிதான் தெளிவு. அந்த அம்மாவிடம் இதை நேரில் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.